தீப்பிடிக்கும் என்று தெரிந்தே அரைத்த மாவு

மாலை போட்டுக்கொண்டு ஒரு கிரைண்டர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்த காட்சி இன்னும் எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது. முன்னால் மேளம். அதற்குப் பின்னால் பழத்தட்டு, தேங்காய்த்தட்டு, பட்டுத்துணித் தட்டு என்று வரிசையாகப் பெண்கள். கடைசியில், மாமாவின் தோப்பில் தேங்காய் உரிக்கிறவர் தலையில் சும்மாடு கட்டி, அதன்மேல் அந்தக் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குக் கழுத்து என்று ஒன்று இல்லாததால் மாலையை அதன் இடுப்பில் சுற்றியிருந்தார்கள். கருஞ்சிவப்பு நிறம், நெற்றியில் வைத்ததுபோல் சந்தனம் குங்குமம், பார்த்தால் பெண்ணழைப்புக்கு வந்த மணப்பெண் மாதிரி இருந்தது. வாசலில் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். ஆரத்தி யாருக்கு என்று பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் குழப்பம் வந்திருக்கும். அம்மா மாமாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. கிரைண்டரைப் பார்த்துத்தான் தட்டைச் சுற்றினாள்.

அது எங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழா. திண்டுக்கல்லில் கன்னிவாடி போகிற பக்கம், ஊர் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், அப்பா ஓய்வு பெற்ற பிறகு கட்டிய வீடு. வீடு கட்டினால் பெண்ணின் பிறந்த வீட்டிலிருந்து சீர் வர வேண்டும், அது வராமல் பால் காய்ச்சினால் அந்தப் பால் பொங்கினாலும் பொங்காத மாதிரிதான். அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது மாமா ஒருவர்தான். பழனிக்கு வடக்கே கீரனூர்ப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர். ஆறடி உயரம், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, சின்னப் பையனிடம்கூட ‘ங்க’ போட்டுப் பேசுகிற மரியாதை. அம்மாவுக்குத் தலை நரைத்து மூக்குக் கண்ணாடி போட்ட பிறகும் அவளை ‘அம்முணி’ என்றுதான் கூப்பிடுவார். அந்த ஊர்ப் பக்கம் வீட்டுப் பெண்பிள்ளையைச் செல்லமாகக் கூப்பிடுகிற வார்த்தை அது. ஆனால் சீர் வந்த அன்றைக்கு, அவர் அந்த வார்த்தையைச் சொல்லி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

சண்டைக்குக் காரணம் ஒரு பூட்டு. மாமாவின் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க அவர் எங்கள் பழைய வீட்டுக்கு வந்தார். வருவதாகச் சொல்லாமல் வந்தார். நாங்கள் அன்றைக்குப் பார்த்துப் பழனிக்குப் போயிருந்தோம். வீட்டில் தொங்கியது அசல் திண்டுக்கல் பூட்டு. மாமா கொஞ்ச நேரம் நின்றார், பக்கத்து வீட்டில் விசாரித்தார், அடுத்த ஊருக்குப் போகிற அவசரத்தில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை அந்தப் பூட்டின் வளையத்தில் செருகிவிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்து அதைப் பார்த்த அம்மா நடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “என் அண்ணன் எனக்குப் பத்திரிகை வைக்கலப்பா, பூட்டுக்கு வெச்சிட்டுப் போயிருக்காரு. பூட்டு போய் வெத்தல பாக்கு மாத்திக்கிட்டு வரட்டும்” என்றாள். கல்யாணத்துக்குப் போகவில்லை. மாமா, தங்கச்சி வராத கல்யாணப் பந்தலில் எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நின்றதாகக் கேள்வி. அவரும் கோபித்துக்கொண்டார். இரண்டு பேருமே ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை அந்தக் கோபத்தில் நன்றாகவே காட்டினார்கள்.

வீடு கட்டியதும் பெரியவர்கள் நடுவில் புகுந்து பேசி, மாமா சீர் கொண்டுவருவார், அம்மா ஆரத்தி எடுப்பாள் என்று முடிவானது. பேச வேண்டும் என்று அந்த உடன்படிக்கையில் யாரும் சேர்க்கவில்லை. அதனால் சீர் வந்தது, ஆரத்தி எடுத்தாயிற்று, பேச்சு மட்டும் வரவில்லை. ஒரே அறையில், ஒரே பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்துகொண்டு, நடுவில் என்னை வைத்துத்தான் பேசினார்கள். “மாப்ளே, காப்பிக்குச் சக்கரை பத்தலீங்கன்னு உங்கம்மாகிட்டச் சொல்லுங்க” என்பார் மாமா. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற அம்மா, “டப்பா அவுக முன்னாடிதேன் இருக்குன்னு சொல்லுப்பா” என்பாள். நான் சொல்வதற்கு முன்பே மாமா டப்பாவை எடுத்திருப்பார். ஆனாலும் நான் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டு பேரும் என்னை முறைப்பார்கள். அந்த நாட்களில் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் பொறுப்பான வேலையில் இருந்தேன், இரண்டு பிள்ளைகள் வேறு. வீட்டில் என் உத்தியோகம் தந்திக் கம்பி.

கிரைண்டர் விஷயத்துக்கு வருகிறேன். அது சாதாரண கிரைண்டர் இல்லை. நேரம் குறித்துவிட்டால் தானே நின்றுகொள்ளும். நின்றதும் ஒரு பாட்டு வேறு பாடும். பாட்டென்றால் வார்த்தை கிடையாது, கல்யாண மண்டப வாசலில் வைக்கிற மின்சார பொம்மை கும்பிட்டுக்கொண்டே ஒரு ராகம் இழுக்குமே, அந்த மாதிரி. அக்கம்பக்கத்துப் பெண்கள் அதைக் கேட்பதற்கென்றே வந்தார்கள். அம்மா வேண்டுமென்றே கொஞ்ச நேரத்துக்குக் குறித்து வைத்து அடிக்கடி பாட விடுவாள். அண்ணனோடு பேச்சில்லை, அது வேறு. அண்ணன் கொடுத்த சாமான் ஊரில் எவள் வீட்டிலும் இல்லாத சாமான், அதைச் சொல்லிக்கொள்வதற்குப் பேச்சு வார்த்தை எதற்கு? ஆயுத பூஜைக்கு அதற்குத்தான் முதல் பொட்டு.

ஒரு நாள் பேகம்பூர்ப் பக்கம் மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கிற பாய் கடைக்கு மின்விசிறியோடு போயிருந்தேன். பேச்சுவாக்கில் எங்கள் கிரைண்டரின் பெருமையைச் சொன்னேன். பாய் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். “தம்பி, அத இன்னுமா ஓட்டுறீங்க? கம்பெனிக்காரனே திரும்பக் கூப்பிட்டுட்டானே. தீப்புடிக்கிதாம்” என்றார். தன் செல்போனில் வந்திருந்த அறிவிப்பைக் காட்டினார். அழகான தமிழில் எழுதியிருந்தார்கள். வடிவமைப்பில் ஒரு சிறு குறைபாடு காரணமாக, அரிதான சில சூழ்நிலைகளில், பாத்திரத்திலிருந்து ஈரப்பதம் வெளியேறி உட்புற மின்பலகையை அடைய வாய்ப்பு உள்ளதாம். பாய் அதை எனக்கு மொழிபெயர்த்தார். “சூடு போறதுக்கு ஓட்டை எங்க வெச்சிருக்கான் தெரியுமா? மாவு வழியிற எடத்துக்கு நேர் கீழ. ஓட்டைக்கு நேர் கீழ, பாட்டுப் பாடுற பலகை. அதச் சுத்திப் பிளாஸ்டிக். மாவு வழிஞ்சா உள்ள எறங்கும், எறங்குனா பத்திக்கும். அம்புட்டுத்தான்.”

அரிதான சில சூழ்நிலைகள் என்று எழுதியவரை நான் ஒரு முறை பார்க்க வேண்டும். உளுந்து போட்டால் பொங்கும், பொங்கினால் வழியும். வழிந்ததை விரலால் வழித்து உள்ளே தள்ளிக்கொண்டே தொலைக்காட்சி பார்ப்பதற்குப் பெயர்தான் மாவு அரைப்பது. மாவு வழியாத கிரைண்டரைத் தமிழ்நாட்டில் யாராவது கண்டதுண்டா? அதை வரைந்த புண்ணியவான் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து வரைந்திருப்பார். அவர் வீட்டு இட்லி எங்கிருந்தோ வெந்தே வந்திருக்கும். பாட்டு எந்த ராகத்தில் இருக்க வேண்டும் என்பதற்குக் கூட்டம் போட்டுப் பேசியிருப்பார்கள். ஓட்டை எங்கே இருக்க வேண்டும் என்று மாவு அரைக்கிற ஒரு பெண்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்க யாருக்கும் தோன்றியிருக்காது.

அறிவிப்பின் கடைசியில் பரிகாரம் சொல்லியிருந்தார்கள். இயந்திரத்தை யாரும் இனி பயன்படுத்தாதபடி அதன் வயரை நடுவில் வெட்ட வேண்டும். வெட்டிய வயரும் பின்பக்கத் தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றாகத் தெரியும்படி படம் எடுத்து அனுப்ப வேண்டும். புதியது வீடு தேடி வரும். எவ்வளவு சுலபமான வேலை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

“என்ன வெட்டணும்?”

“வயரம்மா.”

“ஏலே, பொறந்த வீட்டுச் சீருடா அது. மஞ்சத் தண்ணி தெளிச்சு உள்ள கொண்டாந்த சாமான். அத வெட்டு, படம் புடிச்சு அனுப்புன்னு எவனோ சொன்னான்னா நீயும் வாயத் தொறந்து எங்கிட்ட வந்து சொல்றியே, உனக்கு நாக்குக் கூசல? இருக்கிற ஒட்டு இம்புட்டு. அதையும் வெட்டணுமா?”

தீப்பிடிக்கும் அம்மா என்றேன். பிடித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். புது வீடு எரிந்தால்? வீடு எரிந்தால் வேறு வீடு கட்டலாம், அண்ணன் வேறு எங்கே கட்டுவது என்றாள். மாமாவிடமே சொல்லிவிடலாமே என்று அப்பா மெதுவாக இழுத்தார். “உங்க சீரு ஓட்டைன்னு சொல்லுங்க. அதுக்கப்புறம் அவுக இந்த வாசப்படி மிதிப்பாகளா?” என்றாள். அப்போது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அவள் சொன்னதில் ஒரு கணக்கு இருந்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த வாசலுக்குள் மாமாவைக் கொண்டுவந்தது அந்தக் கிரைண்டர்தான். அதைத் திருப்பிக் கொடுத்தால் அவரையும் திருப்பி அனுப்பினதாகத்தான் ஆகும்.

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். தினப்படி மாவுக்கு ஒரு பழைய கிரைண்டரை வாங்கி, மாடிப்படிக்குக் கீழே சாக்கு போட்டு மூடி ஒளித்து வைத்தோம். சீர் கிரைண்டர், மாமா வருகிற நாளில் மட்டும் ஓடும். அன்றைக்கு அது ஓடியே ஆக வேண்டும், அவர் காது கேட்க ஓட வேண்டும், முடிந்தால் பாடவும் வேண்டும். அந்த நேரத்துக்கு மட்டும் வீட்டில் தீயணைப்புப் படை தயார். என் மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். நான் வாளியில் மணலோடு சமையலறைக் கதவுக்குப் பின்னால். அப்பா வராந்தாவில் மெயின் சுவிட்சுக்குக் கீழே நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருப்பார். அப்பா கரண்டு ஆபீசில் வேலை பார்த்தவர் என்பதால் எனக்குக் கொஞ்சம் தெம்பு. அவருக்கு அந்தத் தெம்பு இல்லை. “டேய், நான் வீடு வீடாப் போயி ரீடிங் எடுத்தவன்டா, ரிப்பேர் பாத்தவன் இல்ல” என்று ஒவ்வொரு தடவையும் நினைவூட்டுவார்.

இதில் எங்களுக்குப் பெரிய சோதனை என்னவென்றால், மாமா அடிக்கடி வர ஆரம்பித்துவிட்டார். முன்பெல்லாம் நல்லது கெட்டதுக்கு மட்டும் வருகிறவர், பதினைந்து நாளைக்கு ஒரு முறை பேருந்தேறி வந்து நின்றார். வந்தால் கூடத்தில் உட்காருவதில்லை. நேராகச் சமையலறை வாசலுக்கு ஒரு நாற்காலியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிரைண்டரையே பார்த்துக்கொண்டிருப்பார். “சீர ஒழுங்கா வெச்சிருக்கமான்னு வேவு பாக்க வாராக” என்று அம்மா என் காதில் கடித்தாள். உடனே உளுந்தை அள்ளிப் போட்டு ஓட்டினாள். ஓடிய கொஞ்ச நேரத்திலேயே மாமா நெளிய ஆரம்பிப்பார். “மாப்ளே, சத்தம் மண்டைக்குள்ள போகுதுங்க, செத்த நிறுத்தச் சொல்லுங்க” என்பார். “இம்புட்டு சத்தமில்லாத கிரைண்டர் ஊருலயே இல்லன்னு சொல்லுப்பா” என்று அம்மா இன்னும் ஒரு கை உளுந்து போடுவாள். பல நாள் அவரே எழுந்து, கை கழுவப் போகிறவர் மாதிரி போய், பிளக்கைப் பிடுங்கிவிட்டு வருவார். கரண்டு போய்விட்டது என்று எங்களிடம் சொல்வார், தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்.

ஒரு முறை கையில் பெரிய எவர்சில்வர் தூக்கோடு வந்தார். திறந்தால் அரைத்த மாவு. கீரனூரிலிருந்து பேருந்தில் அத்தனை தூரம் குலுங்கி வந்ததில் புளித்துப் பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, அவர் வேட்டியில் ஒரு பக்கம் கஞ்சி போட்ட மாதிரி விறைத்திருந்தது. “அத்தை அரைச்சதுங்க மாப்ளே. இனி வரும்போதெல்லாம் கொண்டாந்தர்றனுங்க. இங்க யாரும் அரைக்க வேண்டாமுங்க” என்றார். தென்னந்தோப்புக்காரர் தேங்காய் கொண்டுவரலாம், இளநீர் கொண்டுவரலாம். தங்கச்சி வீட்டுக்கு மாவு சுமந்து வருகிற அண்ணனை எங்காவது பார்த்ததுண்டா? அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. “என் கையி மாவு அவுகளுக்கு எறங்கல போல” என்று அன்றைக்கு முழுவதும் புலம்பினாள்.

அதைவிட மோசமானது அதற்கடுத்த வருகை. அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து மாமா வாடகை ஆட்டோவில் வந்து இறங்கினார். நேரே உள்ளே போய்க் கிரைண்டரைக் கட்டித் தூக்கினார். “கல்லு கொத்திக் கொண்டாரனுங்க மாப்ளே” என்றார். வாங்கி ஒரு வருஷம் ஆகாத கிரைண்டருக்குக் கல் கொத்த வேண்டும் என்று கேட்டு நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா திரும்பி வந்துவிட்டாள். வாசலில், தன் சீர் தன் அண்ணன் இடுப்பில் ஏறி வெளியே போய்க்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அர்ச்சனைக் கூடையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “குடுத்த சீரத் திருப்பிக் கேக்குறாகளான்னு கேளுப்பா. மனசில்லாம குடுத்திருந்தா தூக்கிட்டே போகச் சொல்லு. ஆனா இன்னையோட இந்த வீடு மறந்துரணும்னு சொல்லு” என்றாள். மாமா அப்படியே நின்றார். அவர் முகத்தில் வேர்வை ஓடியது. என்னைப் பார்த்தார். பிறகு கிரைண்டரை அதன் இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் அதே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை. அவ்வளவுதான், முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

ஆனாலும் தீபாவளிக்கு முந்தின நாள் மாமா வந்தார். வருஷா வருஷம் தங்கச்சிக்குச் சேலை எடுத்துக் கொடுக்கிற முறை, சண்டை நடந்த வருஷங்களில்கூட யார் மூலமாவது கொடுத்து அனுப்பியிருக்கிறார். சேலையை என் கையில் கொடுத்தார். அம்மா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்ட கையோடு, சீர் தன் வீட்டில் சிறப்பாகத்தான் இருக்கிறது என்று நிரூபிக்கிற வெறியில், தீபாவளி வடைக்கென்று ஊற வைத்திருந்த உளுந்து மொத்தத்தையும் அதில் கொட்டி ஓட்டிவிட்டாள். நானும் அப்பாவும் அவரவர் இடத்துக்கு ஓடினோம். மாமா வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். மாவு பொங்கியது. வழிந்தது. அம்மா வழித்து உள்ளே தள்ளினாள். இன்னொரு பக்கம் வழிந்தது.

முதலில் பாட்டுத்தான் வந்தது. குறித்த நேரம் ஆகவில்லை, கிரைண்டரும் நிற்கவில்லை, ஆனால் பாட ஆரம்பித்துவிட்டது. பாட்டு நடுவில் இழுத்தது, தொண்டை கட்டிய மாதிரி கரகரத்தது, பிறகு இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது. அடியிலிருந்து நூல் மாதிரி புகை. அடுத்த நொடி ஓட்டை வழியாக மஞ்சளாக நாக்கு நீட்டியது தீ. “அப்பா, மெயின்!” என்று கத்தினேன். அப்பா பதறி எழுந்து எதையோ இழுத்தார். வாசல் விளக்கு அணைந்தது. இன்னொன்றை இழுத்தார். மின்விசிறி நின்றது. கிரைண்டர் எரிந்துகொண்டே சுற்றியது, சுற்றிக்கொண்டே பாடியது. அம்மா யோசிக்கவில்லை. பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குடத்தை இரண்டு கையாலும் தூக்கிவிட்டாள்.

“அம்முணி! தண்ணி ஊத்தாத அம்முணி! கரண்டு அம்முணி, அக்கட்டப் போ!”

நாற்காலி ஒரு பக்கம் விழுந்தது. மாமா அந்த வயதில் எப்படி அப்படித் தாவினாரோ தெரியவில்லை. குடத்தை ஒரு கையால் தட்டிவிட்டு இன்னொரு கையால் அம்மாவைத் தோளோடு சேர்த்து இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினார். குடம் கூடத்துக்கு உருண்டது. துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினார். என் கையிலிருந்த வாளியைப் பறித்து மணல் முழுவதையும் கிரைண்டரின் தலையில் கொட்டினார். தீ அடங்கியது. பாட்டு கடைசியாக ஒரு முறை விக்கிவிட்டு நின்றது. அப்போதுதான் அப்பா சரியான சுவிட்சைக் கண்டுபிடித்து இழுத்து, “ஆஃப் பண்ணியாச்சு!” என்று வராந்தாவிலிருந்து அறிவித்தார்.

புகைக்குள் நாங்கள் நின்றோம். மேல்சுவர் கரேலென்று இருந்தது. தீபாவளி உளுந்து முழுக்க மணல். அம்மா அதையெல்லாம் பார்க்கவில்லை. மாமாவின் கையைப் பிடித்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். “ஏனுங்கண்ணா, சுட்டுப்போடுச்சுங்களா? காட்டுங்கண்ணா, இப்படிக் காட்டுங்க” என்று கீரனூர்ப் பேச்சு அவள் வாயில் தானாக வந்தது. எங்களோடு பேசுகிற திண்டுக்கல் பேச்சு எங்கே போனதோ. “ஒண்ணுமில்ல அம்முணி, ஒண்ணுமில்ல” என்று மாமா சொன்னார். அவ்வளவு பெரிய மனுஷர் மணல் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது, புகையைக் காரணம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அழுகை அடங்கியதும் மாமா சொன்னார், இது தீப்பிடிக்கும் என்று அவருக்கு ஆரம்பத்திலேயே தெரியுமாம். ரசீது அவர் பெயரில் இருந்ததால் கடைக்காரரே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். “நான் குடுத்த சீரு ஓட்டைச் சீருன்னு எந்த வாயில சொல்றது அம்முணி? பூட்டுக்குப் பத்திரிகை வெச்சவன் தங்கச்சிக்குக் கொள்ளிய வெச்சான்னு நீ நெனச்சுப்போட்டா? அதான் நீ அரைக்காம பாத்துக்கலாம்னு வந்து வந்து உக்காந்தேன்” என்றார். அம்மா மூக்கை உறிஞ்சினாள். “எனக்குந் தெரியுமுங்கண்ணா. நீங்க மனசு நோவீங்கன்னுதான் நீங்க வாரப்ப மட்டும் ஓட்டுனேன்.” அவர் வந்ததால் இவள் ஓட்டினாள், இவள் ஓட்டியதால் அவர் வந்தார். இருவரும் வீட்டில் சும்மா இருந்திருந்தால் அந்தக் கிரைண்டருக்கு எரிய வழியே இருந்திருக்காது. அது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

“இத்தனை நாளு நடுவுல நின்னியேடா, ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?” என்றாள் அம்மா.

“ஏனுங்க மாப்ளே, நீங்க சொல்லியிருக்கலாமுங்கல்ல?” என்றார் மாமா.

சொல் என்று சொன்னதை மட்டும் சொல்வதுதான் என் வேலை என்று நான் நினைத்திருந்தேன். அதை அவர்களிடம் சொன்னால் அடி விழும் என்று பேசாமல் மணலைக் கூட்டினேன். அவர்கள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, முகத்தில் கரியோடு, அந்தப் பத்திரிகைச் சண்டையை முதல் முறையாக நேருக்கு நேர் போட்டார்கள். ஒரு போன் பண்ணியிருக்கலாமே என்று அவள். பண்ணினேன், நீதான் மலை மேலே எடுக்கவில்லை என்று அவர். கல்யாணத்துக்கு வந்து என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே, வராமல் இருந்துவிட்டாயே என்று மறுபடி அவர். சாயங்காலம் வரைக்கும் நடந்தது. யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை, யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை. ராத்திரி மாமா எங்கள் வீட்டிலேயே தங்கினார். வடை இல்லாத தீபாவளியை அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் கொண்டாடினோம்.

கம்பெனியின் சட்டப்படி எரிந்த கிரைண்டருக்கும் வயரை வெட்டிய படம் வேண்டுமாம். அம்மா இப்போது சம்மதித்தாள், ஆனால் கொடுத்தவர் கையால்தான் வெட்ட வேண்டும், அதுவும் நல்ல நேரத்தில் என்றாள். ராகு காலம் கழித்து, சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் சுற்றி, மாமா தேங்காய் அரிவாளால் ஒரே போடாகப் போட்டார். வயரோடு அதற்கு அடியில் வைத்திருந்த மரப்பலகையும் இரண்டாயிற்று. நான் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டாம் நாள், எண் தெளிவாக இல்லை, மறுபடி அனுப்பவும் என்று பதில் வந்தது. போய்ப் பார்த்தால் ஆயுத பூஜைக்கு அம்மா வைத்த சந்தனமும் குங்குமமும் சரியாக அந்த எண்ணின் மேல் அப்பிக் காய்ந்திருந்தது. பொட்டை அழிக்கக் கூடாது என்று அம்மா ஒரு பக்கம் வாதாட, ஈரத்துணியால் மாமாவே துடைத்துவிட்டு, மறுபடி படம் எடுத்ததும் அதே இடத்தில் புதுப் பொட்டு வைத்தார்.

ரசீது மாமா பெயரில் இருந்ததால் புது கிரைண்டர் கீரனூருக்குப் போனது. அவர் அதைப் பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிற ஆள் இல்லையே. மாலை, மேளம், பழத்தட்டு என்று மறுபடியும் முழுச் சீராக வந்து இறங்கினார். தெருவே வேடிக்கை பார்த்தது. என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. இந்த முறை அம்மா மாமாவின் முகத்தைப் பார்த்துத்தான் ஆரத்தி எடுத்தாள். புதியதில் ஓட்டையைப் பக்கவாட்டுக்கு மாற்றியிருந்தார்கள். பாட்டையும் எடுத்துவிட்டார்கள்.

இப்போது தினமும் காலையில் மாமா போன் பண்ணுகிறார். அண்ணனும் தங்கச்சியும் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாது, ஒரு மணி நேரம் ஓடும், நடுவில் என் பேச்சு தேவைப்படுவதில்லை. செல்போன் சார்ஜருக்கு, மின் ஸ்கூட்டருக்கு, எதெதற்கோ திரும்பப் பெறுகிறோம் என்று அறிவிப்பு வரும்போதெல்லாம் நான் கவனமாகப் படிக்கிறேன், தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லிவிடுகிறேன். தீயோடு விளையாட முடியாது. அன்றைக்கு மாமா ஒரு நொடி தாமதித்திருந்தால் இதை நான் இப்படிச் சிரித்துக்கொண்டு எழுதியிருக்க மாட்டேன்.

போன மாதம் அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். மாமாதான் அம்மாவின் போன் எண்ணைக் கொடுத்து, அரைக்கிறவங்ககிட்டயே கேட்டுக்குங்க என்று சொல்லியிருக்கிறார். அம்மா போனைச் சத்தமாக வைத்துப் பேசியதால் நானும் கேட்டேன். புது இயந்திரம் எப்படி இருக்கிறது, திருப்திதானா என்று அந்தப் பெண் கேட்டாள்.

“நல்லாத்தேன் இருக்கு தாயி. ஆனா பழசு மாதிரி வராது.”

மறுமுனையில் தாள் புரளும் சத்தம். “பழசு தீப்பிடிச்சதா எழுதியிருக்கே அம்மா?”

“ஆமா” என்றாள் அம்மா. “அதத்தேன் சொல்றேன்.”